இலுப்பை மரத்துச் சாட்சி

எங்கள் பாட்டனார் பாக்கியநாதனின் கல்லறை ஜவ்வாது மலையில், கடுக்காய்ப்பட்டு என்ற சிற்றூரின் ஓரத்தில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர் அவர். கணியம்பாடியில் இருந்த நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, வேதம் போதிக்கும் உபதேசியாராக மலையேறினார். அங்கேயே வாழ்ந்து, மலைக்காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமானார். கல்லறையின் தலைமாட்டில் என் தகப்பனார் ஒரு கல்லை நாட்டி, 'உபதேசியார் பாக்கியநாதன். ஜெபத்தினால் கரடியை வென்றவர்' என்று எழுத்து வெட்டுவித்தார்.

அந்தக் கரடி எங்கள் குடும்பத்தின் பெருமை. பாட்டனார் மலைக்கு வந்த புதிதில் காட்டுப் பாதையில் கரடி ஒன்று எதிர்ப்பட்டதாம். அவர் அசையாமல் முழங்காற்படியிட்டு ஜெபித்தாராம். கரடி தலையைத் தாழ்த்தித் திரும்பிப் போய்விட்டதாம். அதைக் கண்டு வியந்த ஊர்க்கவுண்டர் அவருக்கு நிலம் கொடுத்தாராம். எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிடுவோம். மலைக்காரர்களும் எங்களைக் 'கரடியார் வூட்டுக்காரங்க' என்றே அழைப்பார்கள். அப்படி அழைக்கும்போது அவர்கள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அதை மரியாதைச் சிரிப்பு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வருஷந்தோறும் ஈஸ்டருக்கு முந்தின நாள் குடும்பத்தோடு மலையேறுவோம். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்போம். மறுநாள் விடியலில் அங்கேயே ஆராதனை நடக்கும். சபை மூப்பர் என்ற முறையில் உயிர்த்தெழுதலின் பகுதியை நான்தான் வாசிப்பேன். பேதுருவும் யோவானும் கல்லறைக்கு ஓடிய இடத்திலிருந்து தொடங்குவேன். அதற்கு முன்னால் சில ஸ்திரீகள் போய்வந்த விஷயத்தை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவேன். வேலைக்காரி ஒருத்திக்குப் பயந்து பேதுரு 'அவரை அறியேன்' என்று சொன்ன பகுதியைப் பெரிய வெள்ளிக்கிழமையன்று வேறு யாராவது வாசிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். தலைவர்களைத் தலைவர்களாகக் காட்ட வேண்டும் என்பது என் கொள்கை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், வாணியம்பாடித் தோல் மண்டிகளுக்குக் கடுக்காய் வாங்க மலைக்குப் போய்வரும் லத்தீப் சாயபு என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். "மூப்பரே, உங்க தாத்தா கல்லறையைச் சுத்தி முள்வேலி போட்டிருக்கான் அர்ச்சுனன். கோடை மழை விழுந்ததும் உழுது சாமை வெதைக்கப் போறானாம்" என்றார்.

அர்ச்சுனன் கல்லறையை ஒட்டிய கொல்லைக்குச் சொந்தக்காரன். அது தன் பாட்டன் நிலம், உபதேசியாரைப் புதைக்க இரக்கப்பட்டு இடம் விட்டார்கள், அவ்வளவுதான் என்பது அவன் வாதம். எங்களிடம் எழுத்து ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் மலையில் வாய்ச்சொல்லே பத்திரம். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பஞ்சாயத்து வைப்பதாகவும் சாட்சிகளோடு வரும்படியும் சொல்லி அனுப்பினார்.

நான் ஏற்பாடுகளைச் சரியாகச் செய்தேன். என் தம்பி ஞானமுத்துவையும் பெரியப்பா மகன் தாவீதையும் தினமும் சாயங்காலம் கூடத்தில் நிற்கவைத்து, பாட்டனாருக்கு நிலம் கிடைத்த வரலாற்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒரு சொல் பிசகினாலும் திருத்தினேன்.

என் மனைவி ராணியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "இவங்க சாட்சி சொல்லப் போறாங்களா, ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துல வசனம் ஒப்பிக்கப் போறாங்களா?" என்று கேட்டாள்.

"மூணு பேரும் மூணு விதமா சொன்னா யாரு நம்புவான்?" என்றேன்.

"ஒரே விதமா சொன்னாலும் யாரு நம்புவான்?" என்றாள்.

அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

அமிர்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டுப் பாதையில் ஏறிக் கடுக்காய்ப்பட்டை அடைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஊர் நடுவே பலாமரத்தடியில் ஆண்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் சற்றுத் தள்ளி ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராணியம்மாள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அர்ச்சுனன் ஐம்பதைத் தாண்டிய, வாய்த்துடுக்கான ஆள். என்னைக் கண்டதுமே எழுந்து நின்றான்.

"கவுண்டரே, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இவங்க சாமி குழியே காலி ஆயிடுச்சுன்னு வருசா வருசம் இங்க வந்து பாடறாங்க. செத்தவங்க எல்லாரும் ஒரு நாள் எழுந்துடுவாங்கன்னும் சொல்றாங்க. அப்ப தாத்தாவும் எழுந்து போய்டுவாரு. போறவருக்கு நெலம் எதுக்கு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"குழி காலின்னு சொல்லணும்னா குழி எங்க இருக்குன்னு தெரியணும்" என்றேன். "இயேசுவைக் கொன்ன அதே ஊர்ல, அந்தக் குழிக்கு நடந்துபோற தூரத்துல நின்னுதான் சீஷருங்க 'எழுந்துட்டாரு'ன்னு சொன்னாங்க. தூர தேசத்துக்குப் போய் சொல்லல. பொய்யா இருந்தா எதிராளிங்க இன்னா பண்ணியிருக்கணும்? குழியத் தொறந்து, 'இதோ பாரு உங்க சாமி'ன்னு காட்டியிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். காட்டல. அவங்க சொன்னது, 'சீஷருங்க ராத்திரியில வந்து பொணத்தைத் திருடிட்டாங்க'ன்னுதான்."

ராஜாக்கண்ணு கவுண்டர் தாடியைத் தடவினார். "அப்ப குழி காலின்றதுல ரெண்டு கட்சிக்கும் வழக்கு இல்ல."

"இல்ல."

"காலியானது எப்பிடின்றதுலதான் வழக்கு."

"அதேதான்."

"நல்லாத்தான் இருக்குது. மேல சொல்லுங்க."

"எங்க தாத்தா எழுந்திருக்கப் போற எடமும் தெரிஞ்சிருக்கணும். அந்த நாள்ல அவரு தலைமேல சாமைக்கதிரு இருக்கக் கூடாது."

"சாமைதானே? தட்டிவுட்டுட்டு எழுந்துப்பாரு" என்றான் அர்ச்சுனன். இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. பாறையிலிருந்து வந்த சிரிப்பில் என் மனைவியின் குரலும் கலந்திருந்தது எனக்குக் கேட்டது.

சாட்சி கேட்கும் முறை அந்த ஊரில் கண்டிப்பானது. மற்ற இருவரையும் ஓடைக்கு அப்பால் அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார்கள். முதலில் நான் சொன்னேன். பிறகு ஞானமுத்து வந்தான். கடைசியாகத் தாவீது வந்தான். "அவர் அசையவில்லை. முழங்காற்படியிட்டு, கண்களை வானத்துக்கு ஏறெடுத்து ஜெபித்தார். துஷ்டமிருகம் தலைதாழ்த்திற்று." எங்கள் மூவர் வாயிலிருந்தும் ஒரு சொல்லும் மாறாமல் வந்தது. நான் பெருமையோடு ஊர்க்கவுண்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மூப்பரே, கோவிச்சுக்காதீங்க" என்றார். "மூணு பேரும் சொன்னீங்க. எனக்கு ஒரு சாட்சிதான் கேட்டுச்சு."

"இன்னா சொல்றீங்க கவுண்டரே?"

"எங்க வூட்ல ரெண்டு மருமவளுங்க. கெணத்தடி சண்டைய ரெண்டு பேரும் பாத்துட்டு வந்தாளுங்கன்னு வைங்க. ஒருத்தி கொடம் ஒடஞ்சுதும்பா, ஒருத்தி சட்டி ஒடஞ்சுதும்பா. ஒருத்தி நாலு பேரு இருந்தாங்கம்பா, இன்னொருத்திக்கு ரெண்டு பேருதான் கண்ல பட்டிருக்கும். ஆனா மண்ட ஒடஞ்சதுல ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இருக்காது. அது கண்ணால பாத்த சாட்சி. துஷ்டமிருகம்னு மூணு பேரும் சொன்னா, அது ஒருத்தரு கூடத்துல வெச்சு சொல்லிக் குடுத்தது."

எனக்கு முகம் சூடேறியது. ஆனால் கோபத்துக்கு நடுவிலும் வேறொரு நினைவு வந்ததை மறைக்க மாட்டேன். நான்கு சுவிசேஷங்களில் ஒன்று கல்லறையில் ஒரு தூதன் என்கிறது, இன்னொன்று இருவர் என்கிறது. ஒன்றில் இரண்டு ஸ்திரீகளின் பெயர் இருக்கிறது, மற்றொன்றில் மூன்று பெயர். வேலூரில் என்னோடு தர்க்கம் செய்த ஒரு வக்கீலுக்கு இதற்குப் பதில் சொல்ல முடியாமல் நான் வருஷக்கணக்காகச் சங்கடப்பட்டிருக்கிறேன். அந்த நான்கையும் ஒரே கதையாக இணைத்துவிட என் வீட்டில் முயன்றும் இருக்கிறேன். அந்தக் குற்றச்சாட்டையே இந்த மனிதர் மலையுச்சியில் உட்கார்ந்துகொண்டு சாட்சியின் முத்திரை என்கிறார்.

"வேற சாட்சி உண்டா?" என்று கேட்டார் கவுண்டர்.

எங்களிடம் வேறு யாரும் இல்லை. அர்ச்சுனன் துண்டை உதறித் தோளில் போட்டான். அந்த நேரத்தில் பாறைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் உரக்க எழுந்தது.

"நான் இருக்கேன்!"

குப்பம்மாள். அர்ச்சுனனுக்குப் பத்து வயது மூத்த அக்காள். அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கேழ்வரகு மாவு படிந்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"யக்கா, குந்து" என்றான் அர்ச்சுனன்.

"குந்தி குந்தி இடுப்பு வலிக்குது. இவங்க சொல்ற கதையக் கேட்டு வயிறும் வலிக்குது. கவுண்டரே, கரடியாரு சங்கதி எங்கம்மாவுக்கு நேரா நடந்தது. சொல்றேன், கேக்கறீங்களா?"

அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் பெண் வாக்கு நேரடியாகச் செல்லாது. அவள் பிறந்த வீட்டு ஆண் ஒருவன் நடுவில் நின்று, அவள் சொல்லும் ஒவ்வொரு பேச்சையும் கூட்டாமல் குறைக்காமல் தன் வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது சபையேறும். வாய் கொடுப்பது என்பார்கள். குப்பம்மாளுக்குப் பிறந்த வீட்டில் உயிரோடிருந்த ஒரே ஆண் அர்ச்சுனன்.

கவுண்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அர்ச்சுனா, வந்து வாய் குடு" என்றார்.

"நானா? என் வழக்குல நானே வாய் குடுக்கணுமா?"

"வேற யாருடா இருக்கான்? சத்தியம் பண்ணிட்டு நில்லு. ஒரு பேச்சு குறைஞ்சாலும் தெண்டம்."

அவன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு நடுவில் வந்து நின்றான். அக்காள் சொல்லச் சொல்ல, கசாயம் குடிப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு திருப்பிச் சொன்னான். அவன் குரலில் நான் கேட்டது இதுதான்.

"எங்கம்மாவும் இன்னும் நாலஞ்சு பொண்ணுங்களும் இலுப்பைப்பூ பொறுக்கப் போனாங்க. மரத்தடியில ஒரு கரடி குந்திக்கினு பூவை அள்ளி அள்ளித் துன்னுக்கினு இருந்தது. மரத்து மேல ஒருத்தரு வேட்டியில்லாம கோவணத்தோட, கெளையக் கட்டிப் புடிச்சிக்கினு இருந்தாரு."

"வேட்டி எங்க போச்சுன்னும் சொல்லுடா!" என்று பாறையிலிருந்து அக்காள் விரட்டினாள்.

"வேட்டி... ஏறும்போது அவுந்து கீழ வுழுந்துடுச்சு. கரடி அது மேலதான் குந்திக்கினு இருந்தது."

பலாமரத்தில் இருந்த காக்கைகள் பறந்துவிட்டன. அப்படி ஒரு சிரிப்பு. ஞானமுத்து தரையைப் பார்த்தான். நான் எழுந்துவிடலாமா என்று யோசித்தேன்.

அர்ச்சுனன் தொடர்ந்தான். அவனுக்கும் இப்போது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "கரடிக்கு மரமேறத் தெரியும்னு கூட அந்த மனுசனுக்குத் தெரியல. அதுக்குப் பூவுதான் வேணும், இவரு வேணாம். பொண்ணுங்க கூடைய தட்டி, கூச்சல் போட்டு கரடிய ஓட்டினாங்க. இறங்குங்கன்னாங்க. மொதல்ல வேட்டியக் குடுங்கன்னாரு."

பிறகு வந்ததுதான் முக்கியம். அதை அவன் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

"இப்ப இருக்கற கவுண்டரோட தாத்தா இதக் கேட்டு மூணு நாளு சிரிச்சாரு. 'இந்த ஆளு நம்ம ஊர்லயே இருக்கட்டும், இலுப்ப மரத்துலேந்து யானப்பாறை வரைக்கும் அவருக்கு'ன்னு நெலம் குடுத்தாரு. எங்க தாத்தா பக்கத்துல நின்னு ஒத்துக்கினாரு." அர்ச்சுனன் நிறுத்தினான். "யக்கா, இது நெசமா?"

"வாய் குடுக்கறவன் கேள்வி கேக்கக் கூடாது. சொல்லுடா."

"ஒத்துக்கினாரு" என்றான் அவன், பெருமூச்சோடு. "அந்த உபதேசியாரு சாவற வரைக்கும் இந்தக் கதைய அவரே சொல்லுவாரு. நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது அவரு கையால வெல்லம் வாங்கித் துன்னுட்டு கேட்டிருக்கேன். 'கரடிக்குப் பயந்த ஆளு, சாவை ஜெயிச்ச சாமியப் பத்திப் பேசறியா'ன்னு ஊர்ல கேலி பண்ணுவாங்க. அதுக்கு அவரு சொல்லுவாரு: 'எங்க தலைவருங்களும் என்னை மாதிரிதான். சாமியப் புடிச்சதும் ஓடிட்டானுங்க. பொம்பளைங்கதான் குழிக்குப் போனாங்க. அந்த ஊர்லயும் பொம்பள சாட்சி செல்லாது. பொய்க்கதை கட்டறவன் தன் தலைவன ஓடுகாலியாவும், செல்லாத சாட்சிய மொத சாட்சியாவும் வெச்சுக் கட்டுவானா? நடந்தது அப்பிடி. அதனால அப்பிடி எழுதி வெச்சாங்க. நான் மரத்து மேல இருந்ததும் நடந்தது. அதனால சொல்றேன்.'"

சிரிப்பு அடங்கியிருந்தது. பாட்டனாரின் பிரசங்கம் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். அதை அன்று முதன்முதலாக, என் எதிராளியின் வாயால் கேட்டேன்.

கவுண்டர் என்னைப் பார்த்தார். "மூப்பரே, வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாட்சிய முழுசா ஏத்துக்கணும், இல்ல முழுசா தள்ளணும். நெலத்தை மட்டும் எடுத்துக்கினு கரடிய வுட முடியாது. நீங்க எழுந்து, 'இது நெசம்'னு உங்க வாயால சொன்னா நெலம் உங்களுது. இல்லன்னா அர்ச்சுனன் உழுவான்."

பாட்டனார் கல்லறை ஒரு பக்கம். மறுபக்கம் மூன்று தலைமுறை கண்ணியம். கரடியார் வீடு என்று சொல்லி நாங்கள் கட்டிக் கொடுத்த பெண்கள், வாங்கிய சம்பந்தங்கள், கல்லில் வெட்டிய எழுத்து. "அண்ணா, வேணாம், போய்டலாம். கல்லறைய கணியம்பாடிக்கே மாத்திக்கலாம்" என்று தாவீது காதோரம் சொன்னான். நான் சால்வையின் நுனியை முறுக்கிக்கொண்டு கணக்குப் போட்டேன்.

பாறையிலிருந்து ராணியம்மாள் எழுந்தாள். அவளுக்கு வாய் கொடுக்க அங்கே பிறந்த வீட்டு ஆண் யாரும் இல்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"இன்னாங்க! உங்க தாத்தா அன்னிக்கே எறங்கிட்டாரு. நீங்கதான் இன்னும் மரத்து மேலயே குந்திக்கினு இருக்கீங்க. எறங்குங்க!"

சபையில் மனைவி பேசுவதை நான் என்றும் அனுமதித்ததில்லை. அன்று தடுக்கவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்தது என்பதே காரணம்.

சால்வையை மடித்து ஞானமுத்துவிடம் கொடுத்துவிட்டு நடுவில் போய் நின்றேன். முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"என் தாத்தா பாக்கியநாதன் கரடியப் பாத்துப் பயந்து இலுப்ப மரத்துல ஏறினாரு. வேட்டி கீழ வுழுந்துடுச்சு. பொம்பளைங்க வந்து அவரை எறக்கினாங்க. இது நெசம். குப்பம்மா சொன்னது முழுக்க நெசம்."

கவுண்டர் கையைத் தட்டினார். "இலுப்ப மரத்துலேந்து யானப்பாறை வரைக்கும் கரடியார் வூட்டுக்காரங்களுது. வேலியப் பிரிடா அர்ச்சுனா" என்றார். அதற்கப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. அர்ச்சுனன் என் அருகில் வந்து, "மூப்பரே, என் வழக்க நானே என் வாயால தோத்தேன். இந்த மலையில எவனுக்காவது இப்பிடி நடந்திருக்குமா?" என்று கேட்டான். சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது கல்லறையருகே எங்கள் குடும்பம் கூடியது. வழக்கமாக மலைக்காரர்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அன்று கவுண்டர், அர்ச்சுனன், குப்பம்மாள், பெண்கள் பலர் என்று பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று கீர்த்தனைகளை இரண்டாகச் சுருக்கிக்கொண்டு நான் வேதத்தைத் திறந்தேன். விரல் பழக்கத்தில் பேதுரு ஓடிய இடத்துக்குப் போயிற்று. பக்கத்தைத் திருப்பினேன். இருட்டோடே புறப்பட்ட ஸ்திரீகளிடமிருந்து வாசித்தேன். அவர்கள் கல் புரட்டப்பட்டிருக்கக் கண்டது, ஓடிவந்து சொன்னது, ஆண்கள் அதை வீண்பேச்சென்று எண்ணி நம்பாமல் போனது எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

"கேட்டியாடா?" என்று குப்பம்மாள் தம்பியின் விலாவில் இடித்தாள்.

கவுண்டர் கையை உயர்த்தினார். "ஒரு சந்தேகம். அந்தப் பொம்பளைங்க பேச்சு சபையேறாதுன்னா, அவங்களுக்கு வாய் குடுத்தது யாரு?"

இந்தக் கேள்விக்கு எந்த வேத வியாக்கியானமும் தேவைப்படவில்லை. "மொதல்ல நம்பாம சிரிச்ச அந்த ஆம்பளைங்களேதான்" என்றேன். "நாங்க நம்பல, ஓடிப் போனோம், கதவைப் பூட்டிக்கினு இருந்தோம், அவங்கதான் மொதல்ல பாத்தாங்கன்னு ஊரு ஊராப் போய் தங்களோட வாயாலயே சொன்னாங்க."

"பாவம். அவனுங்க பாடு எனக்குத் தெரியும்" என்றான் அர்ச்சுனன்.

"சாமிகூடப் பொறந்தவங்க ஒத்துக்கினாங்களா?" என்று குப்பம்மாள் கேட்டாள்.

"யாக்கோபுன்னு ஒரு தம்பி. அண்ணன் உயிரோட இருந்த வரைக்கும் நம்பல. அப்புறம் எருசலேம் சபைக்கே அவருதான் தலைவர். 'செத்து எழுந்த அண்ணனைப் பாத்தேன்'ன்றதுல கடைசி வரைக்கும் நின்னாரு. உசுரே போச்சு."

"தம்பிங்கள ஒத்துக்க வெக்கறது லேசு இல்ல" என்றாள் அவள், அனுபவத்தோடு.

கவுண்டர் யோசித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பேதுரு வேலைக்காரிக்குப் பயந்தவரு. அப்புறம்?"

"கொஞ்ச நாளு கழிச்சு, அதே ஊர்ல, சாமியக் கொன்னவங்க முன்னாடியே போய் நின்னாரு. அடிச்சாங்க. பேச்ச மாத்தல. சாகற வரைக்கும் மாத்தல."

"தப்பா நம்பிட்டுக்கூட ஒருத்தன் சாவான்" என்றார் கவுண்டர்.

"சாவான். அடுத்தவன் சொன்னத நம்பினா சாவான். ஆனா இவங்க 'கேட்டோம்'னு சொல்லல, 'பாத்தோம்'னு சொன்னாங்க. பாக்காததப் பாத்தேன்னு தானே கட்டின பொய்க்கு எவன் அடி வாங்கிக்கினு நிப்பான்?"

கவுண்டர் தலையைச் சாய்த்து, கல்லறைக்கு மேல்புறம் நின்ற இலுப்பை மரத்தைப் பார்த்தார். பூக்காலம் அது. தரையெங்கும் வெளுப்பாகப் பூ உதிர்ந்து கிடந்தது.

"அதாவது, நேத்து மரத்து மேல கோவணத்தோட இருந்த ஆளு, இன்னிக்குக் கையில கழியில்லாம கரடி முன்னாடி போய் நிக்கறாரு. அப்ப நடுவுல இன்னாமோ நடந்திருக்குது" என்றார்.

"அதத்தான் இனிமே வாசிக்கப் போறேன்" என்றேன்.

"நான் நம்பிட்டேன்னு சொல்லல. ஆனா இது கூடத்துல வெச்சு சொல்லிக் குடுத்த கதை இல்ல. படிங்க, கேக்கறேன்."

படித்தேன். என் நாற்பது வருஷ வாசிப்பில் அவ்வளவு காது கொடுத்துக் கேட்ட சபை எனக்கு வாய்த்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் ராணியம்மாள் சுண்ணாம்பு மட்டையை எடுத்தாள். கல்லறையை ஒரு சுற்று அடித்துவிட்டு, தலைமாட்டுக் கல்லின் முன் நின்று என்னைப் பார்த்தாள். நான் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். 'உபதேசியார் பாக்கியநாதன்' என்ற வரியைத் தொடாமல், அதன் கீழே இருந்த வரியின் மேல் அவள் தாராளமாகப் பூசினாள். அடுத்த வருஷம் அங்கே 'இலுப்பை மரத்திலிருந்து இறங்கியவர்' என்று வெட்டுவித்தோம். வாசகம் என்னுடையது. கூலியில் பாதியை அர்ச்சுனன் கொடுத்தான், வேண்டாமென்றாலும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறோம். முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள், முன்னைவிட அதிகமாக நம்புகிறார்கள்.

ஒன்று மட்டும் வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த மரத்தை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓங்கிய மரம். இரண்டு ஆள் உயரம் வரையில் காலை வைக்க ஒரு கிளை கிடையாது. தாவீது முயன்று பார்த்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அப்படிப்பட்ட மரத்தில் ஒரே மூச்சில் ஏறுவது எல்லாராலும் ஆகக்கூடிய காரியமல்ல. எங்கள் குடும்பத்தில் கைவலிமை அப்போதிலிருந்தே உண்டு.